திறந்தவெளி விளக்குகள்: பாசறை முதல் பெட்ரோமாக்ஸ் வரை

முன்னுரை

தமிழர் விளக்குகள் குறித்து இதுவரை நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் கோயில் விளக்கு, மனை விளக்கு, கார்த்திகை விளக்கு ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. இவை கூரையின்கீழோ, மாடத்திலோ, காற்றின் நேர்வீச்சு படாத இடத்திலோ எரிவன. வழிநடைப் பயணம், போர்ப்பாசறை, மீன்பிடித் தொழில், திருவிழா ஊர்வலம், இரவுக் கூத்து என வீட்டுக்கு வெளியே மனிதர் இரவைக் கழித்த இடங்களில் எரிந்த விளக்குகள் தனித்து நோக்கப்படவில்லை. இவ்விருவகை விளக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அழகு பற்றியதன்று, தொழில்நுட்பம் பற்றியது. மனை விளக்குக்கு எண்ணெய் தீர்வதே இடர். வெளி விளக்குக்கு முதற்பகை காற்று.

இன்று மலையேற்றத்திற்கும் காட்டுத் தங்கலுக்கும் செல்வோர் கடையில் நின்று எவ்விளக்கை வாங்குவது என்று எண்ணுகின்றனர். காற்றிலும் மழையிலும் அது தாங்குமா, ஓர் இரவு முழுதும் எரியுமா, சுமக்க எளிதா என்பன அவர்தம் வினாக்கள். இவ்வினாக்கள் புதியன அல்ல. பத்துப்பாட்டில் இடம்பெறும் பாசறைக் காட்சிகளிலேயே இவற்றுக்கான விடைகள் உள்ளன. ஆனால் அங்கே நான்காவது வினா ஒன்றும் உண்டு: விளக்கைக் காப்பவர் யார்? திறந்தவெளி விளக்கின் வரலாறு என்பது இந்நான்காவது வினா சிறிது சிறிதாக மறைக்கப்பட்ட வரலாறே என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

நெடுநல்வாடை காட்டும் மூவகை விளக்குகள்

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை 188 அடிகளாலானது. கூதிர்ப் பருவத்து வாடைக்காற்றே பாட்டு முழுதும் வீசுகிறது. இச்சிறு பாட்டினுள் மூன்று வேறு இடங்களில் மூன்று வேறு விளக்குகள் வருவது கருதத்தக்கது.

முதலாவது, ஊர் மகளிர் மாலையில் ஏற்றும் இரும்பு விளக்கு. மழை மூட்டத்தால் பொழுது தெரியாத நிலையில் பூவின் மலர்ச்சியைக் கொண்டு மாலையை அறிந்து, நெய் தோய்ந்த திரியை அதில் கொளுத்துகின்றனர். இரண்டாவது, அரண்மனையில் யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்தி நிற்கும் அகல். அதில் நெய் நிறையச் சொரியப்படுகிறது. பருத்த திரி இடப்படுகிறது. நெய் வற்றுந்தோறும் மீண்டும் நிரப்பப்படுகிறது. மூன்றாவது, பாட்டின் இறுதியில் வரும் பாசறையின் பாண்டில் விளக்கு. பாண்டில் என்னும் சொல் வட்டத்தைக் குறிப்பது. வடக்கிலிருந்து வாடை எறியுந்தோறும் இவ்விளக்குகளின் பருத்த சுடர் அசைந்து தெற்கு நோக்கிச் சாய்கிறது. அவ்வொளியில்தான் வேந்தன் நள்ளிரவில் துயிலாது, புண்பட்ட வீரரைக் கண்டு திரிகின்றான்.

மூன்று விளக்குகளும் எரியும் இடத்திற்கேற்ப வேறுபடுகின்றன. மனைக்கு எளிய இரும்பு. அரண்மனைக்கு வேலைப்பாடமைந்த பாவை. பாசறைக்கு அணி எதுவும் கூறப்படாத பாண்டில். பாசறை விளக்கின் வடிவழகை நக்கீரர் கூறவில்லை; காற்றில் அதன் சுடர் என்ன செய்தது என்பதையே கூறுகிறார். அது சாய்ந்தது, ஆயினும் எரிந்தது. பருத்த சுடர் என்னும் குறிப்பு இங்கு வெறும் அடைமொழியன்று. மெல்லிய திரியின் சுடரைக் காற்று எளிதில் அணைக்கும். பருத்த திரி ஒரு பக்கம் குளிர்ந்தாலும் மறு பக்கத்தில் நெருப்பைக் காக்கும். சுவரோ கண்ணாடியோ இல்லாத விளக்குக்குத் திரியின் பருமனே காப்பு. எண்ணெய் மிகுதியாகச் செலவாகும், புகையும் மிகும். அவ்விழப்பை ஏற்றுக்கொண்ட தேர்வு இது.

இதே தீர்வு அண்மைக்காலம் வரை தொடர்ந்ததைக் காடா விளக்கில் காணலாம். மாலைச் சந்தைகளிலும் தெருவோர மீன் கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் கண்ணாடிக் கூண்டின்றிப் பருந்திரியுடன் புகை கக்கி எரிந்த மண்ணெண்ணெய் விளக்கு அது. எரிபொருள் மாறியது, வெட்டவெளிக்குப் பருந்திரி என்னும் அறிவு மாறவில்லை.

முல்லைப்பாட்டின் விளக்கு மகளிர்

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. 103 அடிகளை உடையது. காட்டாற்றை அடுத்த முல்லை நிலத்தில் தூறுகளை அகற்றி, முள்வேலி இட்டு, தழை வேய்ந்த குடில்களால் தெருக்கள் வகுத்து அமைக்கப்பட்ட பாசறையை அது விரிவாகக் காட்டுகிறது. யானைப் பாகர், வில்லை ஊன்றிக் கட்டிய கூடாரம், பொழுதளந்து கூறுவோரின் நீர்க்கன்னல், மெய்காப்பாளர், யவனர் அமைத்த உள்ளிடம் எனப் படைத்தங்கல் ஒன்றின் உறுப்புகள் யாவும் அங்கு இடம்பெறுகின்றன. அவ்வரிசையில் விளக்குப் பணி செய்யும் மகளிரும் உளர்.

இம்மகளிர் வரிந்த கச்சில் ஒளிவாளைச் செருகியவர். நெய்யை உமிழும் சுரையைக் கையில் கொண்டவர். நெடிய திரியைக் கொளுத்தி, கையில் அமைந்த விளக்குகள் நந்துந்தோறும் அவற்றை மீண்டும் ஏற்றுபவர். இக்காட்சியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் வாளேந்திய மகளிர் என்பதிலேயே கருத்தூன்றினர். அவர்களின் தொழிற்கருவிகளை நோக்கினால் வேறொரு செய்தி புலனாகிறது. சுரை என்பது உட்டுளையுடைய குழாய். திறந்த கலத்திலிருந்து எண்ணெய் ஊற்றினால் காற்றில் சிந்தும். எரியும் விளக்கில் ஊற்றுகையில் கையைச் சுடும். குழாய்வழி அளவாக உமிழச் செய்தல் வெளியிடத்திற்கென அமைந்த முறை. நெடுந்திரி என்பதும் அவ்வாறே; இடையிடையே திரி மாற்றாமல் தூண்டிக்கொண்டே செல்ல அது உதவும்.

இவ்விடத்தில் நெடுநல்வாடையின் அரண்மனை விளக்கையும் முல்லைப்பாட்டின் பாசறை விளக்கையும் ஒப்பிடுதல் வேண்டும். அரண்மனையில் நெய் அறுந்தோறும் விளக்கு நிரப்பப்படுகிறது. பாசறையில் விளக்கு நந்துந்தோறும் ஏற்றப்படுகிறது. முன்னதன் குறை எரிபொருள். பின்னதன் குறை அவிதல். முன்னதைக் கவனிக்க இரவில் சிலமுறை வந்து செல்லும் பணியாளர் போதும். பின்னதற்கு இரவு முழுதும் கண்ணயராத கைகள் வேண்டும். இரவைப் பகலாக்கியது விளக்கு மட்டுமன்று. அதன் அருகில் விழித்திருந்த பெண்டிருமே.

நந்தும் விளக்கும் நந்தா விளக்கும்

முல்லைப்பாட்டில் பாசறை விளக்குக்குக் கூறப்படும் அதே நந்துதல் என்னும் வினை, பிற்காலக் கல்வெட்டுகளில் எதிர்மறையாகப் பயில்வது சுவையான ஒப்புமையாகும். சோழர் காலக் கோயில்களுக்கு அளிக்கப்பட்ட அணையா விளக்குகள் நந்தா விளக்கு என்றும் நுந்தா விளக்கு என்றும் வழங்கப்பட்டன. ஒரு விளக்கு பகலும் இரவும் எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க ஏற்பாடு செய்யப்பட்டமையைக் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. ஆடுகள் குட்டியீன்று தொகை குறையாதிருக்கும் என்னும் கருத்தில் அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன.

விளக்கு அணையாதிருத்தலை நெய்யின் கணக்காக மட்டும் கருத முடிந்தது அது கருவறையின் அடங்கிய காற்றில் எரிந்தமையால்தான். வெளியில் எத்தனை ஆடு இருப்பினும் ஒரு வாடை போதும் விளக்கை நந்தச் செய்ய. எனவே நந்தா விளக்கு என்பது சமயக் கருத்து மட்டுமன்று, கட்டடத்தின் பயனுமாகும்.

வெளியிடத்தில் காற்றை எதிர்க்காமல் துணையாகக் கொண்ட ஒளியும் இருந்தது. காய்ந்த தென்னோலையை இறுகக் கட்டிய சூட்டு, குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இரவு வழிநடைக்கு நெடுங்காலம் பயன்பட்டது. அது மங்கும்போது கையை வீசினால் காற்றுப்பட்டு மீண்டும் கனலும். எண்ணெயும் கலமும் வேண்டாத விளக்கு அது. ஆயின் விரைவில் தீரும்; இரவுத் தங்கலுக்கு ஆகாது. துணி சுற்றி எண்ணெய் ஊற்றிய தீவட்டி நெடுநேரம் எரியும்; ஆனால் ஏந்துவோர் ஒருவரும், எண்ணெய் வார்ப்போர் ஒருவரும் வேண்டும். கோயில் ஊர்வலங்களிலும் திருமணங்களிலும் தீவட்டி பிடித்தல் பல ஊர்களில் குடிமைத் தொழில் செய்த சாதியினரின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. ஒளியில் நடப்போர் ஒருவர், ஒளியைச் சுமப்போர் வேறொருவர் என்னும் பிரிவு இங்குச் சாதியமைப்போடு பிணைந்தது.

நில அளவைப் பாசறைகள்

போர்ப்பாசறைக்குப் பின் இந்திய நிலத்தில் நீண்டகாலம் வெட்டவெளியில் தங்கியவருள் நில அளவையாளர் குறிப்பிடத்தக்கவர். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பணி, பின்னர்ப் பெரும் முக்கோண நில அளவையாக வளர்ந்தது. 1823இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், பகலில் கானல் அலைவு காட்சியைக் குலைத்தமையால், இரவில் விளக்கொளியைக் குறியாகக் கொண்டு தொலைவிலுள்ள நிலையங்களை நோக்கும் முறையைப் பெரிதும் பயன்படுத்தினார். குழிவாடி பொருத்திய விளக்குகள் இதற்கெனக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏற்றப்பட்டன.

இவ்விளக்குகளுக்கு அடிப்படையானது 1780களில் சுவிட்சர்லாந்து நாட்டினரான எமே ஆர்கண்ட் கண்ட மாற்றமாகும். திரியைக் குழல் வடிவில் அமைத்து உள்ளும் புறமும் காற்றுச் செல்லச் செய்து, மேலே கண்ணாடிப் புகைக்கூண்டு வைத்தார். கூண்டு சுடரைக் காற்றிலிருந்து காத்தது. அதே வேளையில் சூடான காற்று மேலெழுவதால் கீழிருந்து புதுக்காற்றை இழுத்துச் சுடரை ஊட்டியது. காற்றைத் தடுப்பதும் காற்றை ஊட்டுவதும் ஒரே உறுப்பின் செயலாயிற்று. ஆயினும் குன்றின் உச்சியில் விளக்கின் அருகே இரவு முழுதும் இருந்து அதனைப் பேணியோர் இந்தியப் பணியாளரே. அளவையின் கணக்குகளில் கோணங்கள் நுட்பமாக இடம்பெற்றன. விளக்குக் காத்தோர் பெயர்கள் அவ்வாறு இடம்பெறவில்லை.

அரிக்கேன் விளக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் பரவியபின் வெளி விளக்கு பெருமாற்றம் பெற்றது. அமெரிக்கரான ஜான் இர்வின் 1868இலும் 1874இலும் வகுத்த அமைப்புகளே இன்றும் நாம் காணும் லாந்தரின் வடிவத்திற்கு அடிப்படை. விளக்கின் இருபுறமும் மேலிருந்து கீழாக வரும் இரு குழாய்கள் வெறும் சட்டங்கள் அல்ல. முதல் அமைப்பில், சுடரிலிருந்து எழும் சூடான காற்று புதுக்காற்றோடு கலந்து அக்குழாய்வழியே மீண்டும் திரிக்குச் செல்லும். பிந்திய அமைப்பில், புகைக்காற்று மேலே வெளியேற, தூய குளிர்ந்த காற்று மட்டுமே குழாய்வழி திரியை அடையும். எனவே சுடர் கூடுதல் வெண்மையும் ஒளியும் பெறும். வெளியில் புயல் வீசினும் திரிக்குச் செல்லும் காற்று நெறிப்படுத்தப்பட்டதாகவே இருக்கும். புயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தமிழில் அரிக்கேன் என வழங்கலாயிற்று. லாந்தர், ராந்தல் என்பனவும் கடன்சொற்களே.

அமெரிக்காவில் டீட்ஸ் நிறுவனம் இவ்விளக்குகளைப் பெருமளவில் செய்தது. இந்தியாவில் இறக்குமதி விளக்குகளுக்கு மாற்றாக, மராட்டிய நிலத்து ஓகலேவாடியில் ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை பிரபாகர் என்னும் பெயரில் லாந்தர்களைச் செய்தது. ஆடைக்கும் உப்புக்கும் போலவே விளக்குக்கும் ஒரு சுதேசி வரலாறு உண்டு என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில் மாட்டுவண்டியின் அடியில் அசைந்து தொங்கிய லாந்தர், வயலுக்கு நீர் பாய்ச்சச் சென்றவர் கையிலிருந்த லாந்தர், ஆற்றங்கரைத் துறையில் படகோட்டியின் அருகிலிருந்த லாந்தர் யாவும் ஒரே செய்தியைக் கூறுகின்றன: ஒருவர் தனியே இருளில் செல்லலாம். தன் விளக்கைத் தானே ஏந்தி, கைவிட்டு வைத்தபின்னும் அது எரியும் என்னும் உறுதியோடு வேறு பணி பார்க்கலாம். முல்லைப்பாட்டு மகளிர் செய்த காவலைக் கண்ணாடியும் தகரக்குழாயும் ஏற்றன.

மணவாளக்குறிச்சி மணலும் பெட்ரோமாக்சும்

லாந்தரின் ஒளி ஒருவருக்கோ சிறு குழுவினருக்கோ போதும்; கூட்டத்திற்குப் போதாது. அக்குறையை நீக்கிய அழுத்த விளக்கின் வரலாற்றில் தென்குமரிக் கடற்கரைக்கு நேரடித் தொடர்பு உண்டு.

ஆஸ்திரிய வேதியியலரான கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் ஒளிவலைக்குக் காப்புரிமை பெற்றார். அவரது முதல் வலை பசுமை கலந்த ஒளி தந்து எளிதில் உடைந்தது. 1891இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்குமாக அமைத்த கலவை வெற்றி பெற்றது. நூல்வலையை இவ்வுப்புகளின் கரைசலில் தோய்த்து உலர்த்தி எரித்தால், நூல் எரிந்துபோக, அதன் வடிவிலேயே ஆக்சைடுக் கூடு எஞ்சும். வெப்பத்தில் அக்கூடே வெண்மையாக ஒளிரும். நாம் மேண்டில் என்று கூறுவது துணியன்று. துணியின் சாம்பல் வடிவம்.

பெர்லின் நகரத்து எஹ்ரிச் - கிரேட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ் கிரேட்ஸ் 1910ஆம் ஆண்டளவில் மண்ணெண்ணெயைக் கைப்பம்பினால் அழுத்தி, சூடேறிய குழாயில் ஆவியாக்கி, ஒளிவலையில் எரிக்கும் விளக்கை உருவாக்கினார். பெட்ரோலியம் என்பதும் அவர் பெயரும் இணைந்து பெட்ரோமாக்ஸ் ஆயிற்று. ஒளிவலைத் தொழிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. தோரியம் தரும் மோனசைட்டு கனிமத்தின் துகள்களை, திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் கண்டறிந்தார். அதன் விளைவாக, அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்த மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழில் தொடங்கியது. பின்னர்ச் சவறையிலும் அது பரவியது. 1956இல் மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது மணவாளக்குறிச்சி கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் இணைந்தது. 1950இல் உருவான இந்திய அருமணல் நிறுவனம் 1965இல் அங்குப் பணியை ஏற்றது. விளக்குக்காகத் தேடப்பட்ட தோரியம் அப்போது அணுசக்தியின் எரிபொருளாகக் கருதப்படலாயிற்று. அக்கடற்கரை ஊர்களின் இயற்கைக் கதிரியக்கம் இன்றளவும் ஆய்வுப் பொருளாக உள்ளது.

ஐரோப்பாவின் தெருவிலும் கூடாரத்திலும் ஒளிர்ந்த வலையின் மூலப்பொருளில் ஒரு பகுதி குமரிக் கரையின் மணல். ஒளி ஓரிடத்தில், உழைப்பு வேறிடத்தில். பாசறை விளக்கைக் காத்த கை படைத்தலைவன் கண்முன் இருந்தது. மணல் வாரிய கை விளக்கேற்றியவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

தமிழகத்தில் பெட்ரோமாக்ஸ் பெரும்பாலும் வாடகைப் பொருளாகவே பழகியது. திருமணம், தெருக்கூத்து, கட்சிக்கூட்டம், இறப்பு ஆகியவற்றுக்கு விளக்குக் கடையிலிருந்து இரவு வாடகைக்கு எடுத்தனர். பம்பு அடித்தல், முனைத்துளையின் அடைப்பை ஊசியால் நீக்குதல், மேண்டிலை உடையாமல் கட்டுதல் ஆகியன பழகிய கையை வேண்டின. 1984இல் வெளிவந்த வைதேகி காத்திருந்தாள் திரைப்படத்தின் நகைச்சுவைக் காட்சியில் மேண்டில் தொட்டவுடன் உதிர்வது தமிழர் நினைவில் நிலைத்ததற்குக் காரணம், அந்நொய்மையை ஊரார் அனைவரும் அறிந்திருந்தமையே. ஊர்வலங்களில் இவ்விளக்குகளைத் தலையிலும் தோளிலும் சுமந்தோர் வரிசையாக நடந்தனர். லாந்தர் நீக்கிய விளக்குச் சுமப்போரை, பேரொளியின் தேவை மீண்டும் கொண்டுவந்தது. தீவட்டியின் இடத்தில் பெட்ரோமாக்ஸ் வந்தது. சுமந்தவர் நிலை பெரிதும் மாறவில்லை.

இன்றைய தேர்வு

நீலநிற ஒளியுமிழ் இருமுனையத்தைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அதன் வழிவந்த எல்.இ.டி. விளக்குகள் சூரிய மின்பலகையோடும் மின்கலத்தோடும் இணைந்து வெளியிட விளக்காகப் பரவியுள்ளன. சுடர் இல்லாமையால் காற்று இங்குப் பகையன்று. கூடாரத்தினுள் எண்ணெய் விளக்கை எரித்தால் தீப்பற்றவும் கார்பன் மோனாக்சைடு சேரவும் இடமுண்டு. எனவே உறங்கும் கூடாரத்திற்கு மின்கல விளக்கே தக்கது. ஒளிவலை செய்வோர் பலர் தோரியத்தை விடுத்து இட்ரியத்திற்கு மாறியதும் பாதுகாப்பு கருதியே.

ஆயினும் பழைய விளக்கைப் பயன்படுத்துவோர் அதன் பழுதைத் தாமே நீக்கினர், திரியைக் கத்தரித்தனர், கண்ணாடியைத் துடைத்தனர். மின்கலம் தீர்ந்த விளக்கைக் காட்டில் எக்கை கொண்டும் ஏற்ற இயலாது. நந்துந்தோறும் ஏற்றலாம் என்னும் உறுதியைப் பாசறை விளக்கு தந்தது. நந்தாது என்னும் உறுதியை மின்கல விளக்கு தருகிறது, கலம் தீரும் வரை. நீண்ட பயணத்திற்குச் செல்வோர் மாற்றுக் கலத்தையோ சிறு லாந்தரையோ உடன்கொள்வது இவ்வேறுபாட்டை உணர்ந்தே.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு:

1. சங்கப் பாடல்களில் விளக்கின் வகை இடத்திற்கேற்ப வேறுபடுகிறது. நெடுநல்வாடை மனை, அரண்மனை, பாசறை ஆகிய மூன்றுக்கும் மூவேறு விளக்குகளைக் காட்டுகிறது.

2. பருஞ்சுடர், நெடுந்திரி, நெய் உமிழும் சுரை ஆகியவற்றை வருணனையாக மட்டுமன்றி, காற்றை எதிர்கொள்ளும் தொழில்நுட்பக் குறிப்புகளாகவும் கொள்ளுதல் வேண்டும்.

3. அரண்மனை விளக்கு நெய் அறுந்தோறும் நிரப்பப்படுவதும் பாசறை விளக்கு நந்துந்தோறும் ஏற்றப்படுவதும் அக விளக்குக்கும் வெளி விளக்குக்குமான அடிப்படை வேறுபாட்டை உணர்த்துகின்றன.

4. கண்ணாடிக் கூண்டு, காற்றுக்குழாய், ஒளிவலை, மின்கலம் என ஒவ்வொரு மாற்றமும் விளக்கைக் காத்த மனிதரைப் பயன்படுத்துவோர் கண்ணிலிருந்து ஒரு படி விலக்கியது. அவர் இல்லாமற் போகவில்லை. மணல் வாரும் கடற்கரைக்கும் தொழிற்கூடத்திற்கும் இடம் மாறினார்.

முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்கும் யவனருக்கும் நடுவே விளக்கு மகளிருக்கும் நப்பூதனார் இடம் தந்தார். அவர்தம் கையில் இருந்த சுரையையும் திரியையும் கூட அவர் குறிக்கத் தவறவில்லை. பின்வந்த விளக்குகளின் வரலாற்றை எழுதுவோர் அவ்வளவேனும் செய்தல் கடனாகும்.